ஹார்பரில் வேலை பார்த்தவர் சொல்வது வரலாறாகுமா?

கேள்வி கேட்டவர் ராயபுரத்துக்காரர். தாத்தா சென்னைத் துறைமுகத்தில் விஞ்ச் டிரைவராக, அதாவது கப்பலில் கம்பிக் கயிற்றைச் சுருட்டிச் சரக்கு தூக்கும் இயந்திரத்தை ஓட்டுபவராக, இருந்தவர். அவரும் அவரோடு வேலை பார்த்த நாலைந்து பேரும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய எந்தச் செயலி நல்லது என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "இவங்க சொல்றதை யாராச்சும் வரலாறுன்னு ஏத்துக்குவாங்களா?" உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். செயலிக்குப் பிறகு வருகிறேன்.

ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் தாத்தா சொல்லும் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. முப்பது வருடம் தினமும் செய்த வேலையைப் பற்றி அவர் சொல்வது வேறு, 1966 புயலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்வது வேறு, அவருடைய அப்பா சொன்னதைச் சொல்வது இன்னும் வேறு. மூன்றும் தேவைதான். எது எந்த வகை என்று பதிவிலேயே தெரிய வேண்டும். வாய்மொழி வரலாறு செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். "அந்தக் காலத்துல ஹார்பர் எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று ஆரம்பித்து, அவர் பேப்பரில் படித்ததையும் தொழிற்சங்க மேடையில் கேட்டதையும் சொல்ல, அவர் ஒருவருக்கே தெரிந்த விஷயம் கேட்கப்படாமலே போய்விடும்.

அவர் ஒருவருக்கே தெரிந்தது என்ன? வேலைதான். விஞ்ச் டிரைவர் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். கன்டெய்னருக்கு முந்திய சரக்குக் கப்பலில் ஒவ்வொரு ஹேட்சுக்கும் (சரக்கறையின் மேல் திறப்புக்கும்) சரக்கு தூக்கும் கம்பங்கள், அதாவது டெரிக்குகள், ஜோடியாக இருக்கும். ஒன்றின் நுனி ஹேட்ச் வாய்க்கு நேர் மேலே, மற்றதன் நுனி கப்பல் விளிம்பைத் தாண்டி வார்ஃபுக்கு (கரை மேடைக்கு) மேலே. இரண்டிலிருந்தும் இறங்கும் கம்பிக் கயிறுகள் ஒரே கொக்கியில் சேரும். முதல் விஞ்ச் சுருட்ட, சாக்குகள் கட்டிய ஸ்லிங் ஹோல்டிலிருந்து (சரக்கறையிலிருந்து) மேலே வரும். ஹேட்ச் விளிம்பைத் தாண்டியதும் இரண்டாவது விஞ்ச் இழுக்க வேண்டும், முதலாவது அதே வேகத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது ஒரு நொடி தாமதமானாலும் இரண்டு கயிறும் எதிரெதிராக இழுத்துக்கொள்ளும். ஸ்லிங்கை அளவுக்கு மேல் உயர்த்திவிட்டால் கயிறுகளுக்கு இடையே கோணம் விரியும். அது 120 பாகையைத் தாண்டினால், தூக்குகிற எடையைவிட அதிகமான இழுவிசை ஒவ்வொரு கயிற்றிலும் ஏறும். அறுந்தால் கீழே நிற்பவர்கள் மேல்தான் விழும். விஞ்ச் பக்கத்திலிருந்து ஹோல்டுக்குள் நடப்பது சரியாகத் தெரியாது. ஹேட்ச் ஓரத்தில் நிற்கும் சிக்னல்காரரின் கைதான் கண்.

இந்தக் கோணக் கணக்கு புத்தகத்தில் கிடைக்கும். புத்தகத்தில் இல்லாதது, சென்னையில் அந்தக் கை எப்படி அசைந்தது என்பது. "மெதுவா"வுக்கு என்ன, "நிறுத்து"வுக்கு என்ன, இரவு ஷிஃப்டில் வெளிச்சம் போதாதபோது என்ன செய்தார்கள், கப்பல் புதிதாக இருந்தால் அந்த விஞ்ச் கைக்கு வர எத்தனை ஸ்லிங் பிடித்தது, நீராவி விஞ்சுக்கும் மின்சார விஞ்சுக்கும் கையில் என்ன வித்தியாசம். இதைத் தாத்தா உட்கார்ந்த இடத்திலேயே கையால் செய்து காட்டுவார். அப்போது வீடியோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதைப் பதிவு செய்துவிட்டால், எந்த ஆய்வாளரும் வேறெங்கும் பெற முடியாத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. தினமும் திரும்பத் திரும்ப உடம்பால் செய்த வேலை நினைவில் உறுதியாக நிற்கிறது. முதுமை நினைவைப் பற்றிய ஆய்வுகள் சொல்வதும் களத்தில் காண்பதும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன.

அதே உறுதி தேதிகளுக்குக் கிடையாது. "அறுபத்தெட்டுல நடந்துச்சு" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அதை 1968 என்று எழுதிவிடாதீர்கள். அவர் சொன்ன மாதிரியே எழுதி, சரிபார்க்க ஒரு கொக்கியை, அதாவது தேதி தெரிந்த வேறொரு சம்பவத்தை, தேடுங்கள். சென்னைத் துறைமுகத்துக்கு அப்படிப்பட்ட கொக்கிகள் நிறைய. 1964-இல் ஜவஹர் டாக் (கப்பல்கள் நின்று சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) திறந்தது. 1966 நவம்பர் புயலில் ஸ்டமாடிஸ் என்ற கப்பல் மெரினாவுக்கு அருகே தரைதட்டி, அதன் உடைசல் பல வருடம் அங்கேயே கிடந்தது. பாரதி டாக்கில் இரும்புத் தாதை இயந்திரம் ஏற்றத் தொடங்கியது எழுபதுகளின் பிற்பகுதி. கன்டெய்னர் முனையம் 1983. நாடு முழுக்கத் துறைமுக வேலைநிறுத்தம் நடந்தது 1984. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது 1985 பிப்ரவரி. கன்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது 2001. "சிதம்பரம் எரிஞ்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரியான பதில் வரும். "எந்த வருஷம்?" என்று கேட்டால் ஊகம் வரும். துறைமுகத்துக்கு வெளியே உள்ள கொக்கிகளும் உதவும்: அண்ணா இறந்தது, இந்திரா காந்தி சுடப்பட்டது, எம்.ஜி.ஆர். இறந்தது, மூத்த பிள்ளை பிறந்தது.

எண்ணிக்கைகளிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு கேங்கில் (சேர்ந்து வேலை செய்யும் குழுவில்) எத்தனை பேர் என்று ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து எண்கள் வரும். ஐந்துமே சரியாக இருக்கலாம். ஆள் கணக்கு சரக்கைப் பொறுத்தும் காலத்தைப் பொறுத்தும் மாறியது. மூட்டைக்கு ஒரு கணக்கு, இரும்புக்கு ஒரு கணக்கு, மொத்தமாகக் கொட்டிவரும் உரத்துக்கு வேறு கணக்கு, ஒவ்வொரு ஊதிய ஒப்பந்தத்துக்குப் பிறகும் திருத்தம். அதனால் "என்ன சரக்கு, எந்த டாக், கன்டெய்னர் வந்த பிறகா முன்னாலா" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. கூலியும் அப்படித்தான். நாள் கூலி, அளவுக்கு மேல் இறக்கினால் கிடைத்த பீஸ் ரேட், வேலை இல்லாத நாளுக்கு வருகைப் படி, ஓவர்டைம், இவற்றோடு ஸ்டீவடோர் (சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்ததாரர்) தரப்பு வேலை வேகமாக நடக்கக் கணக்கில் வராமல் கொடுத்த ஸ்பீடு மணி. "மாசம் எவ்வளவு வாங்குனீங்க?" என்று மொத்தமாகக் கேட்டால் வருகிற எண்ணில் இதெல்லாம் கலந்திருக்கும். தனித்தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது வகை, கேட்டதைச் சொல்வது. இதற்குச் சென்னையே நல்ல உதாரணம் தருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்தின் மேல் குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அதில் சந்தேகமே இல்லை. விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்வார்கள். அதை உறுதிப்படுத்தும் ஆவணம் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில் இயங்கியதற்கே ஆவணங்கள் உண்டு. உங்கள் தாத்தா "எங்க அப்பா சொன்னாரு, கப்பல்ல நம்மாளு ஒருத்தர் இருந்தாராம்" என்று சொன்னால், திருத்தாதீர்கள், வெட்டாதீர்கள். ராயபுரத்துத் தொழிலாளர் குடும்பம் ஒன்று அந்தக் கதையை இரண்டு தலைமுறை சுமந்து வந்திருக்கிறது என்பதே ஒரு தகவல். ஆனால் அதை 1914-இல் நடந்ததற்குச் சான்றாக வைக்க முடியாது.

துறைமுகம் கட்டுவதற்கு முந்திய காலமும் இந்த வகையில்தான் வரும். கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டுவந்தன. அலை மோதும்போது தைத்த பலகை வளைந்துகொடுக்கும், ஆணி அடித்த படகு பிளந்துவிடும். 1861-இல் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்தது. 1875-இல் அலைதடுப்புச் சுவர்களின் வேலை தொடங்கி, 1881 புயலில் உடைந்து, மறுபடி கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் கடைசி வரை ஆனது. அந்தப் படகோட்டிகளின் நேரடிச் சாட்சியம் இனி யாரிடமும் இல்லை. குப்பங்களில் இன்றும் கிடைப்பது குடும்ப நினைவு. அதைக் கேட்கும்போது "இதை உங்ககிட்ட யார் சொன்னது? அவர் பார்த்தாரா, கேட்டாரா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, அந்தப் பதிலையும் பதிவிலேயே வைத்துவிடுங்கள்.

கரை நகர்ந்த கதை மட்டும் இதில் விதிவிலக்கு. இந்தக் கடற்கரையில் வருடக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. "எங்க கோயில் இருந்த இடம் இப்ப கடல்" என்று வடசென்னை மீனவர்கள் சொல்வதைப் பழைய நில அளவை வரைபடத்தோடு வைத்துப் பார்க்கலாம். சர்ச், கல்லறை, ரயில் பாதை போல நகராத ஒன்றிலிருந்து எத்தனை தூரம் என்று கேளுங்கள், முடிந்தால் நடந்து காட்டச் சொல்லுங்கள். வாய்மொழியும் ஆவணமும் ஒன்றையொன்று நிறுத்துப்பார்க்க இவ்வளவு தோதான இடம் குறைவு.

தவறான நினைவையும் தூக்கி எறியக் கூடாது என்பதற்கு இத்தாலியின் டெர்னி நகரில் நடந்ததைச் சொல்வார்கள். அங்கே 1949-இல் நேட்டோவுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் லூயிஜி டிரஸ்டுல்லி என்ற இரும்பாலைத் தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டார். பல வருடம் கழித்துக் கேட்டபோது, தொழிலாளர்கள் பலர் அந்தச் சாவை 1953 ஆட்குறைப்புப் போராட்டத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். தேதி தவறுதான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்த அந்தப் போராட்டம்தான் அவர்கள் மனதில் உயிர் கொடுக்கத் தக்கதாக இருந்தது என்பது அந்தத் தவறால்தான் வெளியே தெரிந்தது. சென்னையிலும் வேலைநிறுத்தங்களைப் பற்றிக் கேட்டால் இப்படிக் கலந்து வரும். கலப்பைக் குறித்துக்கொண்டு, ஏன் கலந்தது என்று யோசியுங்கள்.

யாரைப் பேச வைப்பது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. தாத்தாவும் அவருடைய நண்பர்களும் மட்டும் என்றால் அது ஒரு கேங்கின் கதையாக நின்றுவிடும். ஹோல்டுக்குள் நின்ற மஸ்தூர் (கூலித் தொழிலாளி), மேஸ்திரி, ஸ்லிங் கணக்கு எழுதிய டாலி கிளார்க், கிரேன் ஆபரேட்டர், கப்பலை இழுக்கும் டக் படகில் இருந்தவர், லிங்கிச் செட்டித் தெருவில் கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை பார்த்தவர், துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் கன்டெய்னர் லாரியோடு நாள்கணக்கில் காத்திருந்த டிரைவர், இவர்கள் எல்லாரும் அதே கப்பலை வேறு இடத்திலிருந்து பார்த்தவர்கள். ஒரு மூட்டை குறைந்தால் மஸ்தூர் ஒரு கதை சொல்வார், டாலி கிளார்க் ஒரு கதை சொல்வார். தொழிற்சங்கம் பற்றி ஒரே சங்கத்துக்காரர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை போன்ற தலைவரைப் பற்றி அவருடைய சங்கத்தார் சொல்வதும் மற்றச் சங்கத்தார் சொல்வதும் ஒன்றாக இருக்காது, இரண்டும் வேண்டும். 1948 சட்டத்தின் கீழ் அமைந்த டாக் லேபர் போர்டில் (துறைமுகத் தொழிலாளர் வாரியத்தில்) பதிவு பெற்றவர்களுக்கும் பதிவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் வாழ்க்கை வேறு. பதிவு பெற்றவருக்கு வேலை இல்லாத நாளிலும் ஏதோ ஒரு காப்பு இருந்தது. போர்டு 2001-இல் துறைமுகத்தை நடத்திய போர்ட் டிரஸ்ட்டோடு இணைந்தபோது என்ன கிடைத்தது, என்ன போனது என்று இருவரிடமும் கேளுங்கள்.

பெண்களை விட்டுவிடாதீர்கள். ஷிஃப்டுக்குத் தகுந்தபடி சமைத்தவர்கள், கந்தகமும் நிலக்கரியும் படிந்த உடுப்பைத் துவைத்தவர்கள், கேட்டுக்கு வெளியே சாப்பாடு விற்றவர்கள். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போயின. அதற்கு முன் வீட்டுக்குள் படிந்த கரி எப்படி இருந்தது என்று உங்கள் பாட்டி சொல்வது தாத்தா சொல்வதைவிடத் துல்லியமாக இருக்கலாம். கப்பலில் வேலை பார்க்காமல் கப்பலில் வந்திறங்கியவர்களும் இருக்கிறார்கள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து சென்னைக்குத் திரும்பியவர்கள், ரஜுலா, சிதம்பரம் கப்பல்களில் பினாங்கு போய்வந்தவர்கள். பர்மா பஜாரின் மூத்த கடைக்காரர்களிடம் விசாரித்தால் வழி கிடைக்கும்.

இனி கேட்கும் முறை. நீங்கள் பேரன் என்பது வசதி, அதே சமயம் இடைஞ்சல். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துப் பாதியை விட்டுவிடுவார், உங்களுக்குத் தெரியக் கூடாது என்று மீதியில் கொஞ்சத்தை மறைப்பார். முடிந்தால் தாத்தாவை வெளியாள் ஒருவர் கேட்கட்டும், நீங்கள் அவருடைய நண்பர்களைக் கேளுங்கள். ஒவ்வொருவரையும் முதலில் தனியாகவும் பிறகு இரண்டு மூன்று பேரைச் சேர்த்தும் பதிவு செய்யுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார். ஆனால் குரல் பெரிதாக உள்ளவரின் கதையே எல்லாருடைய கதையாகவும் ஆகிவிடும். அதனால்தான் தனியாக முதலில்.

ஒரு வேலை நாளை வரிசையாகக் கேட்பது நல்ல ஆரம்பம். வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எந்த கேட், பாஸ் யார் பார்த்தார்கள், அன்றைக்கு எந்தக் கப்பல் என்று எப்படித் தெரிந்தது, ஏணி ஏறியதும் முதல் வேலை என்ன. பழைய கப்பலில் முதல் வேலை ஹேட்சைத் திறப்பது: ஆப்புகளைத் தட்டி எடுத்து, தார்ப்பாயைச் சுருட்டி, மரப் பலகைகளைத் தூக்கி, அவற்றைத் தாங்கும் இரும்பு உத்தரங்களைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் ஒரு உத்தரத்தைக் கழற்றாமல், பூட்டாமலும் விட்டால், மேலே வரும் ஸ்லிங் அதில் மாட்டி, உத்தரம் பிடுங்கிக்கொண்டு ஹோல்டுக்குள் விழும். உலகம் முழுக்கத் துறைமுகங்களில் ஆட்களைக் கொன்ற விபத்து இது. இதை நீங்கள் தெரிந்துவைத்துக்கொண்டு "உத்தரத்தை எல்லாம் கழட்டுவீங்களா, சிலதை விட்டுருவீங்களா?" என்று கேட்டால் அவர் நிமிர்ந்து உட்கார்வார். விஷயம் தெரிந்தவரிடம்தான் விஷயம் பேசுவார்கள். அதே போல நிலக்கரி, புண்ணாக்கு, இரும்புக் கழிவு ஏற்றிய மூடிய ஹோல்டில் ஆக்சிஜன் குறைந்துபோகும், இறங்கியவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். "ஹேட்சைத் திறந்து எவ்வளவு நேரம் விட்டு இறங்குவீங்க?" என்ற ஒரு கேள்வி, பாதுகாப்பு பற்றிய பத்துப் பொதுக் கேள்விகளுக்குச் சமம். "ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஆமா" என்பதற்கு மேல் பதில் வராது.

காகிதமும் பேனாவும் வையுங்கள். ஹேட்சை, விஞ்ச் நின்ற இடத்தை வரைந்து காட்டச் சொல்லுங்கள், அதில் அவர் பெயரையும் தேதியையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அவர் "இங்க", "அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினால், நீங்கள் வாயால் சொல்லுங்கள்: "கடல் பக்கமா?" இல்லையென்றால் ஒலிப்பதிவில் "இங்க" என்ற சொல் மட்டும்தான் இருக்கும்.

விபத்து, திருட்டு, கடத்தல், சங்கச் சண்டை, ஸ்பீடு மணி, யார் எந்தச் சாதி எந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள், இவை வரும். வரட்டும். ஆனால் பதிவுக்கு முன் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள், எங்கே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். முடிந்த பிறகு இரண்டாவது முறை கேளுங்கள், ஏனென்றால் என்ன சொல்லப்போகிறோம் என்பது ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. இந்தப் பகுதி வேண்டாம், நான் இருக்கும்வரை வெளியிட வேண்டாம், பெயர் மாற்றுங்கள் என்று அவர் சொன்னால் அதையே எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, அவர் சம்மதத்தைக் குரலிலேயே பதிவு செய்யலாம். உயிரோடு இருக்கும் மூன்றாம் மனிதர் ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால், மூலப் பதிவை அப்படியே பூட்டிவைத்து, வெளியிடும் பிரதியில் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். சிக்கலான விஷயம் என்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. என் பதில் அதற்கு மாற்று ஆகாது.

செயலி: எது இருந்தாலும் சரி, வேவ் கோப்பாகச் சேமிக்க வேண்டும், எம்பி3 வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும். செல்போனை விட முக்கியம் காலர் மைக். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சட்டையில் உரசாத இடத்தில் மாட்டுங்கள். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மின்விசிறிதான் நம் ஊரில் முதல் எதிரி, பிறகு குக்கர் விசில். விசிறியை அணைத்தால் எண்பது வயதுக்காரருக்குத் தாங்காது, அதனால் காலை ஏழு எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விஞ்ச் இரைச்சலில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள், இல்லையென்றால் நீங்கள் கத்துவதுதான் பதிவில் நிற்கும். ஒரு உட்கார்வு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஆரம்பத்தில் தேதி, இடம், இருவர் பெயர் ஆகியவற்றை வாயால் சொல்லிவிடுங்கள்.

அன்றே மூன்று பிரதி எடுங்கள். இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறொரு வீட்டில். மூலக் கோப்பை வெட்டவோ சுத்தம் செய்யவோ வேண்டாம், அதெல்லாம் பிரதியில்தான். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். தானியங்கி எழுத்தாக்கம் ஹார்பர் சொற்களையும் வடசென்னைப் பேச்சையும் கண்டபடி மாற்றிவிடுகிறது, நம்பி விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும் எழுத நேரமில்லை என்றால் பட்டியல் போதும்: எந்த நிமிடத்தில் என்ன விஷயம் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. பத்து வருடம் கழித்து ஒருவர் தேடும்போது முழு எழுத்தாக்கத்தைவிட அந்தப் பட்டியல்தான் முதலில் உதவும்.

வீட்டில் இருக்கும் காகிதங்களையும் படமெடுங்கள். துறைமுகப் பாஸ், வருகை அட்டை, சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, காயத்துக்கு இழப்பீடு வாங்கிய கடிதம். கப்பலில் மாலுமியாக இருந்தவர் என்றால் அவருடைய சி.டி.சி. புத்தகம் (மாலுமியின் பணிப் பதிவேடு) தங்கம் மாதிரி. எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் ஏறினார், இறங்கினார் என்று பக்கம் பக்கமாக இருக்கும். காகிதங்களை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அவர் வீட்டிலேயே சன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். சம்பளச் சீட்டை அவர் கையில் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தால், முன்பு சொன்ன கூலிக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சரிபார்க்க, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாணைகள் உண்டு. போர்ட் டிரஸ்ட்டின் வருடாந்திர நிர்வாக அறிக்கைகளில் கப்பல், சரக்கு, விபத்து விவரங்கள் வரும். கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் பழைய நாளிதழ்களைப் பார்க்கலாம். அறிக்கையும் தாத்தாவும் முரண்பட்டால் உடனே அறிக்கை பக்கம் சாய வேண்டாம். விபத்து அறிக்கையை எழுதியவர்கள் பெரும்பாலும் ஹோல்டுக்குள் இருந்தவர்கள் அல்ல. முரண்பாட்டை அப்படியே இரண்டு பக்கமும் எழுதிவையுங்கள். சிங்கப்பூரில் 1979-இலிருந்தே தேசிய அளவில் வாய்மொழி வரலாற்றுக்குத் தனி அமைப்பு இயங்குகிறது. அவர்கள் பேட்டிகளைப் பட்டியலிட்டிருக்கும் முறையை இணையத்தில் பாருங்கள், உங்கள் பட்டியலுக்கு அது நல்ல மாதிரி. உங்கள் பதிவுகளை ஒப்படைக்க நூலகத்தையோ பல்கலைக்கழக வரலாற்றுத் துறையையோ அணுகும்போது அவர்கள் முதலில் கேட்பது சம்மதப் படிவம், இரண்டாவது பட்டியல். இவை இரண்டும் இல்லாத பதிவை ஏற்கத் தயங்குவார்கள், அது நியாயமும்கூட.

நாலைந்து பேரில் யாரிடம் முதலில் போவது என்று யோசிக்கிறீர்கள் என்றால், நன்றாகக் கதை சொல்பவரிடம் அல்ல, உடம்பு முடியாமல் இருப்பவரிடம். முதல் நாள், மூட்டை தூக்கும் கைக்கொக்கி யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று விசாரித்து எடுத்துக்கொண்டு போங்கள். மூட்டையை அதால் எங்கே குத்தித் தூக்குவது, எந்தச் சரக்குக்குக் கொக்கி போடக் கூடாது என்பதிலிருந்து பேச்சு தானாகத் தொடங்கும்.